ஐந்தாவது எஞ்சினை எங்கே கட்டுவது?

தை மாதக் கடைசியில் ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மோட்டார் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்தது. காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினுக்கானது, ஒரு ஹெச்பி. காயில் கருகி, திறந்தவுடன் கடை முழுக்க நாற்றம். பறித்த பழத்தை உரிக்காமல் வைத்தால் புளித்துவிடும் என்பதால் அவசரம். இரவோடிரவாகக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுநாள் நானே பைக்கில் கொண்டுபோனேன். பின்சீட்டில் அக்கா மகள், அவளுக்கும் எனக்கும் நடுவில் டூல்ஸ் பை. மோட்டாருக்கு இடமில்லை. இடப்பக்கம் சாரி கார்டில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். 18 கிலோ.

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். எடை இடப்பக்கம் தொங்கியதால், நேர் ரோட்டிலேயே வண்டியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வலது வளைவு சுலபமாக வந்தது. இடது வளைவில்தான் வயிறு கலங்கியது, மோட்டாரின் கால் தார் ரோட்டை உரசிவிடுமோ என்று. மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா மகள் இறங்கி அந்தக் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து கோடை விடுமுறையில் கடைக்கு வந்தவள், போனை நீட்டினாள். அதில் என் பைக் இல்லை, ஒரு ஜம்போ ஜெட். இடது இறக்கையில் மூன்று எஞ்சின், வலதில் இரண்டு.

"இவங்களும் உங்களை மாதிரிதான் மாமா. ஒரு பக்கமாக் கட்டிட்டுப் போறாங்க. ஏன் மாமா, இது சாயாதா?"

"சாயாது கண்ணு, அது பெரிய விமானம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த ஸ்டேட்டரை (மோட்டாரில் சுற்றாத வெளிப்பாகம்) திருப்பிக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் தோன்றியது, நான் பதிலே சொல்லவில்லை என்று.

அந்தப் படத்தில் இருப்பது கம்ப்யூட்டரில் ஒட்டிய வேலை இல்லை. எங்கோ தொலைதூர விமான நிலையத்தில் ஒரு நான்கு எஞ்சின் விமானத்தின் எஞ்சின் கெட்டுப்போனால், மாற்று எஞ்சினை அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். தனியாகச் சரக்கு விமானம் பிடிப்பது பெரும் செலவு. அந்த ஊருக்கு எப்படியும் போகிற பயணிகள் விமானத்தின் இறக்கையிலேயே மாட்டி அனுப்பிவிட்டால் ஆயிற்று. ஜம்போ ஜெட் என்கிற போயிங் 747-ல் அதற்கென்றே இடது இறக்கையில், விமானத்தின் உடலுக்கும் உள்பக்க எஞ்சினுக்கும் நடுவே, மாட்டும் இடம் உண்டு. ஐந்தாவது எஞ்சினுக்கு எரிபொருள் குழாயும் கிடையாது, வயரும் கிடையாது. அது வெறும் சுமை. 707-லும் இப்படிக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களின் விசி10 இன்னும் வேடிக்கை: அதன் நான்கு எஞ்சின்களும் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும், இறக்கை துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். உதிரி எஞ்சினைக் கொண்டுபோகும்போது மட்டும் இறக்கையின் அடியில் ஒன்று தொங்கும்.

அவள் காட்டிய படம் 2016 ஜனவரியில் எடுத்தது. ஜோகனஸ்பர்க்கில் நின்றுபோன ஒரு 747-க்காக, ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து பயணிகளோடு போன இன்னொரு 747-ல் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் ஒன்றை மாட்டி அனுப்பியது. வழக்கமாக நிற்காமல் போகிற விமானம், அன்றைக்கு எரிபொருள் நிரப்ப, அதே நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பெர்த் நகரில் இறங்கிப் போனது. இந்தக் கடைசித் தகவலை அவள் படித்துக் காட்டியபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினோம். மோட்டார் இல்லாமல் கையால் எறியும் கிளைடர் போதும். 747-200-ன் இறக்கை அகலம் நுனிக்கு நுனி 59.6 மீட்டர். அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். நீளம் 118 செ.மீ. கணக்குக்கும் வசதி, கடை மேசைக்கும் அடங்கும்.

உடலுக்குத் தெர்மாகோல் வளையங்களை வெட்டிக் கோர்த்து, மேலே சார்ட் பேப்பர் சுற்றினோம். இறக்கைக்கு 5 மி.மீ. ஃபோம் ஷீட். இறக்கையின் முதுகெலும்பு, உடைந்த குடையின் கம்பி. லேசாகவும் இருக்கும், வளைந்தால் திரும்ப நிமிர்ந்தும் கொள்ளும். வாங்கப்போனால் இந்தத் தரத்தில் கிடைக்காது. அவசரத்தில் ஒரு இடத்தில் ஃபெவிக்விக் விட்டேன், தெர்மாகோல் கண்ணெதிரே குழிவிழுந்து கரைந்தது. அப்புறம் க்ளூ கன் பிடித்தேன், அதன் சூட்டில் இன்னொரு குழி. கடைசியில் ஃபெவிக்கால் தடவி, துணி கிளிப் போட்டு, ஒரு நாள் காத்திருந்ததுதான் நின்றது. வைண்டிங் வேலையில் வார்னிஷ் காயும்வரை பொறுக்கத் தெரிந்தவனுக்கு இதில் மட்டும் ஏன் அவசரம் வந்ததோ.

நான்கு எஞ்சின்களும் சார்ட் பேப்பரைச் சுருட்டிய குழாய்கள், 4 செ.மீ. விட்டம். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். ஐந்தாவதுதான் எங்கள் கதாநாயகன். அதையும் அதே விட்டத்தில், ஆனால் உள்ளே தெர்மாகோல் அடைத்து, முகத்தைத் தட்டையாக விட்டோம்.

எடையில்தான் முதல் சிக்கல். பழைய 747-களில் இருந்த பிராட் அண்ட் விட்னி ஜெடி9டி எஞ்சின் சுமார் 4 டன். 747-200 தரையிலிருந்து எழும்பக்கூடிய அதிகபட்ச எடை 377 டன். ஆக, ஐந்தாவது எஞ்சின் மொத்தத்தில் நூறில் ஒரு பங்குதான். எங்கள் கிளைடர் முழுசாக 410 கிராம். அதில் நூறில் ஒன்று 4 கிராம். கடைத் தராசில் 4 கிராமைப் போட்டால் முள் அசையவே அசையாது. பக்கத்துத் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனோம். வெள்ளி நிறுக்கும் தராசு, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அவர் எங்கள் பேப்பர்க் குழாயை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, "இதுக்குச் சேதாரம் எவ்வளவு போடட்டும்?" என்றார்.

வெறும் தெர்மாகோல் குழாயே 5 கிராம் வந்தது. அதாவது கணக்குப்படி அதுவே போதும். ஆனால் சாய்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உள்ளே ஒரு நட்டைச் செருகி, மொத்தம் 12 கிராம் ஆக்கினோம். உண்மையான விமானத்தைப் போல மூன்று மடங்கு பாரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கணக்கில் இடிக்கக் கூடாது.

எங்கே பறக்கவிடுவது என்பது அடுத்த கேள்வி. சேலம் விமான நிலையம் கமலாபுரத்தில். அந்தப் பக்கம் பொம்மை விமானத்தோடு போகவே கூடாது என்று அக்காவின் கண்டிப்பான உத்தரவு, எனக்கும் அதே எண்ணம்தான். கன்னங்குறிச்சியைத் தாண்டி மலையடிவாரத்தில், தெரிந்தவர் ஒருவரின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கிய காடு சும்மா கிடந்தது. மண் பொலபொலவென்று இருந்தது, விழுந்தால் அடிபடாது. கொஞ்சம் சரிவான நிலம் என்பதால் கூடுதலாகப் பத்துத் தப்படி பறக்கும். வெயில் ஏறினால் சேர்வராயன் மலைப்பக்கம் காற்று இஷ்டத்துக்குத் திரும்பும். ஆகவே காலை ஆறரை மணிக்கே போய்விடுவது.

முதல் நாள், ஐந்தாவது எஞ்சின் இல்லாமல். முதல் எறிதலில் மூக்கை நிமிர்த்தி, ஒரு நொடி நின்று, அப்படியே பின்வாங்கி விழுந்தது. வால் கனம். மூக்கில் களிமண் அடைக்க அடைக்கச் சரியாகி, ஏழாவது எறிதலில் நேராக 34 தப்படி. இதுதான் எங்கள் அளவுகோல்.

பிறகு ஐந்தாவதை மாட்டினோம். எங்கே? நான் கொஞ்சமும் யோசிக்காமல், இடது இறக்கையில் இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினேன். இடம் காலியாக இருந்தது, பார்க்கவும் அழகு. விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 27 செ.மீ. எறிந்தேன். கையை விட்டு இரண்டு தப்படி போவதற்குள் இடப்பக்கம் கவிழ்ந்து, இறக்கை நுனி மண்ணில் செருகிக் கரணம் அடித்தது. குடைக்கம்பி வளைந்து இறக்கை எல் எழுத்துப்போல நின்றது.

"படத்துல அங்க இல்லையே மாமா" என்றாள். எறிவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் படத்தில் இருக்கிற மாதிரியே உடலுக்கு நெருக்கமாக, நடுக்கோட்டிலிருந்து 12 செ.மீ. தூரத்தில் மாட்டினோம். இந்தத் தடவை கவிழவில்லை. ஆனால் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து, பெரிய வட்டம் போட ஆரம்பித்து, 15 தப்படியில் வரப்பில் முட்டியது.

இங்கே அவள் ஒரு வேலை செய்தாள். எட்டாம் வகுப்பில் படித்த தராசுக் கணக்குதான். இடப்பக்கம் 12 கிராம், 12 செ.மீ. தூரத்தில். பெருக்கினால் 144. வலப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் எவ்வளவு தூரத்தில் ஒட்ட வேண்டும்? நாணயத்தைக் கொலுசுப் பட்டறைத் தராசில் வைத்தோம், 3.79 கிராம். 144-ஐ அதால் வகுத்தால் 38 செ.மீ. வலது இறக்கையின் அடியில் அந்த இடத்தில் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினாள். கிளைடரை மூக்கிலும் வாலிலும் நூல் கட்டித் தொங்கவிட்டால் சாயாமல் மட்டமாக நின்றது.

அதே கணக்கை நான் மாட்டிய முதல் இடத்துக்குப் போட்டுப் பார்த்தாள். 12 கிராம், 27 செ.மீ. என்றால் 324. நாணயத்தை 85 செ.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். இறக்கையே நடுவிலிருந்து 50 செ.மீ.தான். "காத்துல ஒட்டணும் மாமா" என்று சிரித்தாள். உள்ளே நெருக்கி மாட்டுவதற்கு ஒரு காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதே 4 டன், நெருங்க நெருங்கச் சாய்க்கும் பலம் குறைகிறது. ஏற்காட்டுக்குப் போகும்போது நான் மோட்டாரைச் சக்கரத்தோடு ஒட்டிக் கட்டியதும் இதற்குத்தான், என்ன, அப்போது காரணம் சொல்லத் தெரியவில்லை.

தூர வைப்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இறக்கை கெட்டியான பலகை இல்லை, காற்றில் மேலும் கீழுமாக ஆடும். எஞ்சின் எங்கே எவ்வளவு எடையோடு தொங்குகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆட்டம் அடங்கவும் செய்யும், வெறிபிடித்துப் படபடக்கவும் செய்யும். 747-ன் ஆரம்பச் சோதனைகளில் இந்தப் படபடப்பை அடக்க, வெளிப்பக்க எஞ்சின்களின் கூட்டுக்குள் யுரேனியக் கட்டிகளை எடைக்காக வைத்தார்கள். கதிர்வீச்சுக்காக அல்ல. ஈயத்தைவிடக் கனம் என்பதால், சின்ன இடத்தில் நிறைய எடை அடங்கும், அவ்வளவுதான். இப்படி எடையைப் பார்த்துப் பார்த்து வைத்த இறக்கையில், காலியாக இருக்கிறதே என்று கண்ட இடத்தில் 4 டன்னைத் தொங்கவிட முடியாது. கண்ட இடத்தில் தொங்கவிட்டது நான்தான்.

நாணயத்தோடு எறிந்தோம். சாயவில்லை. இறக்கைகள் இரண்டும் மட்டமாகத்தான் போயின. ஆனால் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, திரும்பிய பிறகு சாய்ந்து, பழையபடி வட்டம். ஐந்து முறை எறிந்தோம், ஐந்து முறையும் அப்படியே. நாணயத்தை 40-க்கும் 42-க்கும் தள்ளிப் பார்த்தேன். மூக்கு இடப்பக்கம் போனது, இறக்கை வலப்பக்கம் சாய்ந்தது, விமானம் குடித்தவன் மாதிரி நடந்தது.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து, களிமண் பிசைந்த கையோடு யோசித்தேன். தராசில் சரியாக நிற்பது, பறக்கும்போது ஏன் திரும்புகிறது? நிற்கும்போது இல்லாத ஏதோ ஒன்று பறக்கும்போது வருகிறது. காற்றைத் தவிர வேறென்ன? அவள் படித்துக் காட்டிய பெர்த் செய்தி அப்போதுதான் மண்டையில் உரைத்தது. நூறில் ஒரு பங்கு எடை கூடியதற்காக மட்டும் அவ்வளவு பெரிய விமானம் வழியில் இறங்கி எரிபொருள் நிரப்புமா?

சோதிக்கக் கடையிலேயே ஒரு காற்றுக் கூண்டு கட்டினோம். பெரிய பெயர்தான், உள்ளே இருந்தது ஒரு பெடஸ்டல் ஃபேன். ஃபேன் காற்று சுழன்று சுழன்று வரும், அதை நேராக்க வேண்டும். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராக்களைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, அட்டைப் பெட்டிக்குள் தேன்கூடு மாதிரி அடுக்கி, ஃபேன் முன்னால் வைத்தோம். ஐந்தாவது எஞ்சினை முன்னும் பின்னுமாக இரண்டு நூலில், 60 செ.மீ. உயரத்திலிருந்து தொங்கவிட்டோம். ஒற்றை நூல் என்றால் பம்பரமாகச் சுற்றும். அடியில் ஒரு ஸ்கேல். காற்று அடிக்கும்போது எவ்வளவு பின்னால் போகிறது என்று பார்த்தால் போதும்.

தட்டை முகத்தோடு: 9 செ.மீ. பின்னால் போய் நின்றது. தபால் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி முகத்தில் ஒட்டினோம்: 3 செ.மீ. கூடக் கொஞ்சம், குறையக் கொஞ்சம். ஃபேனின் மூன்று வேகத்திலும் அதே விகிதம்தான் வந்தது. கூம்பின் எடை ஒரு கிராம்கூட இல்லை.

நான் இத்தனை நாளும் எடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிரி காற்று. இடப்பக்கம் மட்டும் ஒரு தட்டை முகம் காற்றை முட்டினால், அந்தப் பக்கம் பின்னால் இழுபடும், மூக்கு அங்கே திரும்பும். 12 கிராமை ஒரு ரூபாயால் ஈடுகட்டலாம். காற்று இழுப்பதை எந்த நாணயத்தாலும் ஈடுகட்ட முடியாது.

அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தோம். ஐந்தாவது எஞ்சின் மற்ற நான்கைப் போல வாயைத் திறந்துகொண்டு இல்லை. முகம் உருண்டையாக மூடியிருந்தது. படம் முதல் நாளிலிருந்தே எங்களிடம்தான் இருந்தது!

இதற்கு நடுவே இன்னொரு சந்தேகம். மூடுவதற்குப் பதிலாகத் திறந்தே விட்டால் காற்று உள்ளே புகுந்து போய்விடாதா, மற்ற குழாய்களில் போவதைப்போல? அவள்தான் கேட்டாள். நிஜ எஞ்சின் வெறும் குழாய் இல்லை, முன்னால் பெரிய விசிறி இருக்கும். அதற்கும் ஒரு சோதனை செய்தோம். பழைய சிசிடிவி பெட்டி ஒன்றிலிருந்து 40 மி.மீ. குட்டி ஃபேனைக் கழற்றி, அதன் இறக்கைச் சக்கரத்தைக் குழாய்க்குள் பொருத்தினோம். காற்றில் வைத்ததும் மின்சாரமே இல்லாமல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. இழுவை தட்டை முகத்தைவிடக் கொஞ்சம்தான் குறைந்தது, 8 செ.மீ. விசிறியைக் குச்சி செருகி நிறுத்திப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்தச் சக்கரத்தின் புஷ்ஷில் இருந்த எண்ணெயை பெட்ரோல் விட்டுத் துடைத்துவிட்டுக் காய்ந்த புஷ்ஷோடு சுற்ற விட்டேன். பத்து நிமிடத்தில் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அரைமணியில் கையால் ஆட்டினால் ஆடியது. என் கடைக்கு வரும் மோட்டாரில் பாதி இந்த நோயோடுதான் வருகிறது: பேரிங் காய்ந்து, உள்ளே சுற்றும் ரோட்டர் சாய்ந்து, ஸ்டேட்டரை உரசி, காயில் கருகி. சும்மா மாட்டிக்கொண்டு போகிற ஜெட் எஞ்சினிலும் இதே கதைதான். ஓடாத எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்ட ஆளில்லை. காற்று அதன் விசிறியை மணிக்கணக்காகச் சுற்றினால், பத்திரமாகக் கொண்டுபோக வேண்டிய எஞ்சின் போய்ச் சேரும்போது ரிப்பேருக்கு நிற்கும். ஆகவே விசிறி சுற்றாதபடி பார்த்துக்கொள்வார்கள், அதன் இறக்கைகளையே கழற்றித் தனியே சரக்கறையில் போடுவதும் உண்டு. முகத்தில் கூம்பு மூடி. ஒரே மூடி, இழுவையையும் குறைக்கிறது, காற்று உள்ளே போய்ச் சுற்றாமலும் காக்கிறது.

இதைக் கொலுசுப் பட்டறை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கனிஷ்காவுலயும் அஞ்சாவது எஞ்சின் இருந்துச்சே" என்றார். எனக்குத் தெரியாது. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் 747, அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்த விமானம், 329 பேர். அதன் இடது இறக்கையில் ஐந்தாவதாக ஒரு எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் டொரான்டோவில் கெட்டுப்போன இன்னொரு ஏர் இந்தியா விமானத்தின் எஞ்சின், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் கழற்றிய பாகங்களைப் பின்பக்கச் சரக்கறையில் ஏற்றுவதில் சிரமப்பட்டு, டொரான்டோவிலிருந்து 1 மணி 40 நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது. விமானம் விழுந்ததற்கும் அந்த எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை, பெட்டியில் வைத்து அனுப்பிய வெடிகுண்டுதான் காரணம். அண்ணன் அப்போது பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரேடியோவில் செய்தி கேட்டபோது எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள் என்றார். அக்கா மகள் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம்.

கூம்பு போட்ட எஞ்சினோடு மறுபடி காட்டுக்குப் போன அன்று மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, காற்றே இல்லை. நாணயம் 38-ல், எஞ்சின் 12-ல், முகத்தில் அட்டைக் கூம்பு. பின்பக்கமும் ஒரு சின்னக் கூம்பு வைத்தாள், அது அவளாகவே செய்தது. எறிந்தேன். நேராகப் போனது, நேராக என்றால் கடைசி ஐந்தாறு தப்படியில் மட்டும் இடப்பக்கம் லேசாக மூக்கைத் திருப்பியது. 29 தப்படி.

அந்த மிச்சத் திருப்பத்துக்கு வாலின் செங்குத்துச் சுக்கானை வலப்பக்கம் ஒரு நூல் அளவு வளைத்தோம். பெரிய விமானத்தில் பைலட் இருக்கையிலிருந்தபடியே இதற்கு ட்ரிம் வைத்துவிடுவார், அதாவது சுக்கான் லேசாகத் திரும்பிய நிலையிலேயே நிற்கும்படி செய்துவிடுவார், இறக்கைச் சாய்வுக்கும் தனியாக ஒரு ட்ரிம் உண்டு. அதாவது எங்கள் ஒரு ரூபாய் வேலையை அங்கே இறக்கையின் பின்விளிம்புப் பட்டை செய்கிறது. அடுத்த எறிதல் 31 தப்படி, நேர்கோடு. ஐந்தாவது இல்லாத அன்றைய 34-ஐத் தொடவே முடியவில்லை. சுக்கானை வளைத்ததாலும் இழுவை, கூம்பு போட்டாலும் மிச்சம் இருக்கும் இழுவை. பெர்த்தில் இறங்கியது இந்த மூன்று தப்படிக்காகத்தான் என்று அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை பதிலாக ஏதோ ஒன்று சொன்ன திருப்தி இருந்தது.

இப்போது இப்படிக் கொண்டுபோகிற காட்சி அபூர்வமாகிவிட்டது. நான்கு எஞ்சின் விமானங்களே குறைந்துபோயின. குவான்டாஸ் தன் கடைசி 747-ஐ 2020 ஜூலையில் அனுப்பிவைத்தது, போயிங் 1,574-வது 747-ஐ 2023 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டுத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. இன்றைய இரட்டை எஞ்சின் விமானங்களின் எஞ்சின்கள் பூதாகரமானவை. பெரிய 777-களில் இருக்கும் ஜிஇ90-ன் விசிறி விட்டம் 3.25 மீட்டர், எடை எட்டரை டன்னுக்கு மேல். அதை உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தொங்கவிட இடமும் போதாது, தரையும் இடிக்கும். விசிறியைப் பிரித்துச் சரக்கு விமானத்தில் ஏற்றுகிறார்கள், இல்லையென்றால் லாரி. சேலத்துக்கு வரும் ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்துக்கு எஞ்சின் தேவைப்பட்டால் லாரியே போதும், நம் ஊர் லாரிக்காரர்கள் கொண்டுபோகாத சாமானா.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்தாவது எஞ்சினை இறக்கையோடு ஒட்டிவிடாதீர்கள், நான்கைந்து முறை இடம் மாற்றவேண்டி வரும். சாப்பாட்டு டப்பாவை மூடும் க்ளிப் ஒன்றை இறக்கையில் ஒட்டி, அதில் மாட்டிக் கழற்றுங்கள். இறக்கை நுனியில் செல்லோ டேப் சுற்றி வையுங்கள், முதலில் தரையைத் தொடுவது அதுதான். களிமண் காய்ந்தால் எடை குறையும். எங்களுக்கு ஒருநாள் இடைவெளியில் மூக்கில் 6 கிராம் காணாமல் போய், எதனால் மறுபடி வால் கனத்தது என்று தெரியாமல் அரைநாள் போயிற்று. வெள்ளித் தராசு உள்ள அண்ணன் பக்கத்துத் தெருவில் இல்லாவிட்டால், நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள்.

கடைசி நாள் இரண்டு எறிதல் நன்றாகப் போனதும் அவளே எறிகிறேன் என்றாள். வேகமாக ஓடிவந்து, என்னைவிட நன்றாகவே எறிந்தாள். விமானம் 31-ஐத் தாண்டி, வரப்பையும் தாண்டி, அங்கே அடுக்கி வைத்திருந்த குச்சிக்கிழங்குக் குச்சிக் குவியலில் போய்ச் செருகியது. இடது இறக்கை இரண்டாக உடைந்தது. ஐந்தாவது எஞ்சின் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் தனியாகக் கிடந்தது. நாணயத்தைத்தான் காணோம். ரொம்ப நேரம் தேடினோம், கிடைக்கவில்லை.

"ஒரு ரூபாய்தானே, விடு கண்ணு."

"அது நிறுத்துப் பார்த்த ரூபாய் மாமா" என்று குச்சிகளை விலக்கிக்கொண்டே இருந்தாள்.